கடைக்கு உரிமம், பொருளுக்கு அனுமதி: கெடா தோட்டப்புற நகரம் ஒன்றை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்பட்ட தைலம், எண்ணெய், மிட்டாய், தேநீர் போன்ற பொருள்கள் மலேசியாவின் சிறுநகரக் கடை ஒன்றுக்குள் வந்துசேரும்போது, அவற்றை முதலில் கண்ணால் பார்க்க வாய்ப்புள்ள அரசு ஊழியர் உரிமப் புதுப்பிப்பையொட்டிச் சோதனைக்கு வரும் ஊராட்சி மன்ற அமலாக்க அதிகாரிதான். அவர் எதைப் பார்க்க வருகிறார், எதைப் பற்றிச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை, அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் கடைக்காரர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இதில் வரும் கடையும் கடைக்காரரும் ஆய்வுக்காக அமைக்கப்பட்டவர்கள். எந்த ஒரு குடும்பத்தையும் சுட்டுவன அல்ல. சட்டங்களும் ஆண்டுகளும் தண்டனை அளவுகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

நகரமும் கடையும்

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் லயங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, அருகிலிருந்த நகரங்களின் ஓரத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) குடியேறின. வாழ்நாள் முழுவதும் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் முழங்காலும் இடுப்பும் தேய்ந்துபோன முதியவர்கள் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கலாம். ஆனால் மாத்திரை தீர்ந்த இரவில் வலி வந்தால் கையில் எட்டுவது தைலப் புட்டிதான். ஆகவே, இத்தகைய நகரத்தில் மளிகையும் பூஜைச் சாமானும் விற்கும் ஒரு கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் தைலங்களுக்கென ஒரு கண்ணாடி அலமாரி இருப்பதில் வியப்பில்லை.

நம் கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். வணிகத்தை மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்திருக்கிறார். ஊராட்சி மன்றத்தின் உரிமத்தை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கிறார். சில்லறை வணிகம் என்று குறிக்கப்பட்ட அந்த உரிமம் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. விளம்பரப் பலகைக்கும் முறையாகக் கட்டணம் கட்டியிருக்கிறார். சட்டத்துக்குப் பயந்து நடக்கும் மனிதர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில், இந்த நிகழ்வில் ஏமாற்ற நினைத்தவர் எவருமில்லை; அதனால்தான் இது ஆய்வுக்குரியதாகிறது.

பொருள் வந்த வழி

தாய்லாந்து 2022 ஜூன் 9ஆம் நாள் கஞ்சாச் செடியைத் தன் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. 0.2 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சாறுகள் மட்டும் அந்தப் பட்டியலில் தொடர்ந்தன. அதன்பின் எல்லை கடந்ததும் வரும் டானோக்கிலும் ஹாட்யாயிலும் இலைப் படம் போட்ட கடைகள் வெளிப்படையாகத் திறந்தன. தெற்குக் கெடாவிலிருந்து நெடுஞ்சாலையில் காலையில் ஏறினால், புக்கிட் காயு ஹீத்தாம் சோதனைச்சாவடியைக் கடந்து மதிய உணவுக்கு ஹாட்யாயில் இருக்கலாம். வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக உள்ள கெடாவில் இது பல குடும்பங்களுக்குப் பழகிய பயணம்.

கூலிம் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அக்காள் மகன் அப்படிப் போய்வந்தபோது சில தைல டப்பாக்களையும் எண்ணெய்ப் புட்டிகளையும் கொண்டுவந்தான். “அங்க கடையிலயே வச்சு விக்கிறாங்க மாமா, போலீஸ்காரங்களே பக்கத்துல நிக்கிறாங்க, ஒன்னும் கேக்கறதில்ல” என்று அவன் சொன்னதில் பொய் இல்லை. தைலம் முதியவர்களிடையே விலைபோயிற்று. பிறகு இணையத்தில் தேடியபோது அமெரிக்கப் புட்டிகளும் கிடைத்தன. அவற்றின் மீது 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் சட்டபூர்வமானது என்றும் அச்சிடப்பட்டிருந்தது.

அந்த 0.3 எங்கிருந்து வந்தது என்பதைக் கடைக்காரர் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்திருக்கும். 2018ஆம் ஆண்டின் அமெரிக்க வேளாண் சட்டம், உலர்ந்த எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத டெல்ட்டா-9 டி.எச்.சி. உள்ள செடியை ஹெம்ப் என்று வகைப்படுத்திப் போதைப்பொருள் சட்டத்திலிருந்து விலக்கியது. அந்த எண் அமெரிக்காவின் எண். அங்கும் அது நிலையாக நிற்கவில்லை. பெட்ரோல் நிலையங்கள்வரை போதைதரும் மிட்டாய்கள் பரவியதைக் கண்டு 2025 நவம்பரில் நாடாளுமன்றம் வரையறையை மிகக் கடுமையாக இறுக்கி, ஓராண்டுக்குப்பின் நடைமுறைக்கு வருமாறு சட்டம் இயற்றியது. தாய்லாந்தும் 2025 ஜூனில் கஞ்சாப் பூவை மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று மாற்றியது. பிறந்த நாட்டிலேயே மாறிக்கொண்டிருக்கும் எண்களை நம்பித்தான் நம் கடைக்காரர் தம் குடும்பத்தின் பிழைப்பைப் பணயம் வைத்திருந்தார்.

இரண்டு சோதனைகள்

முதல் ஆண்டுச் சோதனைக்கு வந்த அதிகாரி வழக்கமானவற்றைப் பார்த்தார்: உரிமம் காலாவதியாகவில்லையா, நடைபாதையில் பொருள் அடுக்கப்பட்டிருக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, பலகையில் உள்ள பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றா. கண்ணாடி அலமாரியையும் ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மன்றம் பார்த்துவிட்டது, மறுக்கவில்லை, ஆகவே பரவாயில்லை என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அலமாரியின் மேல்தட்டு, இலைப் படம் போட்ட பொருள்களுக்கே ஒதுக்கப்பட்டது. மூட்டுவலிக்கும் சர்க்கரை நோய்க்கும் நல்லது என்று கையால் எழுதிய அட்டையும் ஒட்டப்பட்டது.

அடுத்த ஆண்டு வந்தவர் வேறொருவர். மேல்தட்டைப் பார்த்ததும் இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டார். “துவான், எனக்கு லைசென்ஸ் இருக்குது” என்று கடைக்காரர் சுவரைக் காட்டினார். அது கடைக்கான உரிமம், இந்தப் புட்டிக்கு யார் அனுமதி தந்தது என்று அதிகாரி திருப்பிக் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. அதிகாரி தம் அறிக்கையில் எழுதிக்கொண்டு மருந்தக அமலாக்கப் பிரிவுக்குத் தகவல் அனுப்பினார். பொருள்கள் கைப்பற்றப்பட்டன, சில மாதிரிகள் வேதியியல் துறையின் பரிசோதனைக்குச் சென்றன, கடைக்காரர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் தர அழைக்கப்பட்டார்.

இரண்டாவது அதிகாரி செய்தது சரி. முதலாமவரைக் குறை சொல்லவும் என்னால் இயலவில்லை. அவர் கையிலிருந்த சோதனைப் படிவத்தில் பொருள்களைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆயினும், அவரது மௌனம்தான் கடைக்காரருக்கு அனுமதியாகிப் போனது.

எந்தச் சட்டம் எங்கே பிடிக்கிறது

முதலாவது, 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம். அதன் 2ஆம் பிரிவு, பிசின் காணப்படும் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும், பிசினின் அளவு எவ்வளவாயினும், எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் கஞ்சா என்றே கொள்கிறது. ஹெம்ப் என்ற பெயரும் இத்தனை விழுக்காடு என்ற கணக்கும் இங்கே கவசமாகா. அதே பிரிவு தரும் ‘கடத்தல்’ என்பதன் விளக்கத்தில் விற்பது மட்டுமின்றி, வாங்குவது, வைத்திருப்பது, சேமிப்பது, கொண்டுசெல்வது, கொடுப்பது, பெறுவது ஆகியவையும் அடங்கும். வெறும் கைவசத்துக்கு 6ஆம் பிரிவின்கீழ் 20,000 வெள்ளிவரை அபராதமோ ஐந்தாண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கஞ்சாவின் எடை 20 கிராமை எட்டினால் 39ஏ பிரிவு வந்து பிரம்படியும் சேர்கிறது. 50 கிராம் முதல் ஆயுள் சிறைக்கே வழியுண்டு. 200 கிராமும் அதற்கு மேலும் வைத்திருப்பவர், மாறாக நிரூபிக்கும்வரை, கடத்துபவர் என்றே 37ஆம் பிரிவின்கீழ் அனுமானிக்கப்படுகிறார்.

கடத்தல் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீங்கிவிட்டது. மரண தண்டனையே நீங்கிவிடவில்லை. இப்போது நீதிபதி மரண தண்டனையோ, ஆயுள் சிறையும் குறைந்தது பன்னிரண்டு பிரம்படியுமோ விதிக்கலாம். இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று எண்ணுவோர் 2018 ஆகஸ்ட் 30ஆம் நாள் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நினைவுகூர வேண்டும். 3.1 லிட்டர் கஞ்சா எண்ணெய் உள்ளிட்டவற்றை வைத்திருந்த 29 வயது இளைஞருக்கு அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. நோயாளிகளுக்காக அந்த எண்ணெயை அவர் வைத்திருந்தார் என்பது நாடெங்கும் பேசப்பட்டது. அன்றைய பிரதமரே தண்டனையை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றார். எண்ணெய் என்பதால் சட்டம் இளகிவிடவில்லை.

“உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது” என்ற வாதத்தையும் இங்கே எடைபோட வேண்டும். போதைப்பொருள் அடங்கிய எதையேனும் தன் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பவர், அதைக் கைவசம் கொண்டிருந்தார் என்றும் அதன் தன்மையை அறிந்திருந்தார் என்றும் 37(டி) உட்பிரிவு அனுமானிக்கிறது. அறியாமையை நிரூபிக்கும் சுமை கடைக்காரர் தோளில் விழுகிறது. கைவசம் என்ற அனுமானத்தின்மேல் கடத்தல் என்ற இன்னோர் அனுமானத்தை ஏற்றுவதைக் கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில், அல்மா நூடோ அத்தென்சா வழக்கில், அரசமைப்புக்குப் புறம்பானது என்று தள்ளியது. அது பெரிய பாதுகாப்பு. ஆனால் வழக்கு நடந்து முடியும்வரை கடையைத் திறக்க அது உதவாது.

இரண்டாவது, 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின்கீழ் வந்த 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள். நோய்க்கென்று விற்கப்படும் பொருள், அது மேற்கத்திய மருந்தாயினும் பாரம்பரியத் தைலமாயினும், மருந்துக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவான பொருளின் உறையில் ‘மால்’ (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். அந்த எண் உண்மையானதா என்பதைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்தின் குவெஸ்ட் 3+ தளத்தில் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவாகாத பொருளை விற்கும் தனியாளுக்கு முதல் குற்றத்திலேயே 25,000 வெள்ளிவரை அபராதமோ மூன்றாண்டுவரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆய்வகம் டி.எச்.சி. எதையும் காணாவிட்டாலும் இந்தக் குற்றம் அப்படியே நிற்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கையால் எழுதிய அந்த அட்டை தனிக்கதை. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடைசெய்கிறது.

சட்டபூர்வமான வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்கு, 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் எழுத்து மூலம் தந்த பதில் உண்டு. தரம், பாதுகாப்பு, பயன் ஆகியவை நிறுவப்பட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவாகி, உரிய உரிமங்களோடு இறக்குமதியாகி, பதிவுபெற்ற மருத்துவரால் குறிப்பிட்ட நோயாளிக்குத் தரப்படுமானால், கஞ்சா சார்ந்த மருந்தை இன்றைய சட்டங்கள் தடுப்பதில்லை என்பதே அதன் சாரம். அந்த வழியில் மளிகைக் கடைக்கு இடமே இல்லை. வலியால் வாடும் நம் முதியவர்களுக்காக அந்த வழி விரைவாகத் திறக்கவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். ஆனால், அதற்கான போராட்டம் புத்ராஜெயாவில் நடக்க வேண்டியது. தோட்டப்புறத்துக் கடைக்காரர் ஒருவர் தம் அலமாரியில் வைத்து நடத்தக் கூடியது அன்று.

மன்றத்தின் கையில் என்ன இருக்கிறது

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானபோது, சில்லறை விற்பனையை மாநிலங்கள் ஒழுங்குபடுத்தின. ஒன்டாரியோவில் தம் எல்லைக்குள் இத்தகைய கடைகள் வேண்டாம் என்று விலகிக்கொள்ள நகரமன்றங்களுக்கு 2019 ஜனவரி 22 வரை அவகாசம் தரப்பட்டது. கலிபோர்னியாவிலும் உள்ளூர் மன்றங்கள் அனுமதிக்கலாம், மறுக்கலாம். பொருள் சட்டபூர்வமான பிறகே அங்கே மன்றம் கடையைப் பற்றி முடிவெடுக்கிறது. மலேசியாவில் முதற்படியே இல்லாததால், இத்தகைய கடைக்கென்று உரிமம் வழங்கவோ நிபந்தனை வகுக்கவோ எந்த ஊராட்சி மன்றத்துக்கும் வேலை இல்லை.

அதனால் மன்றத்துக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, உரிமத்தோடு தனக்குத் தகுந்ததென்று தோன்றும் நிபந்தனைகளை விதிக்கவும், காரணம் கூறாமலேயே எப்போது வேண்டுமானாலும் உரிமத்தை மீட்டுக்கொள்ளவும் மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மீட்பதால் இழப்பீடும் கிடையாது. இந்த அதிகாரத்தின் வீச்சை வேப் (மின்சிகரெட்) விவகாரத்தில் நாடு கண்டது. கூட்டரசு மட்டத்தில் விற்பனை தடைசெய்யப்படாத நிலையிலும் ஜொகூர் 2016லும் திரெங்கானு 2025 ஆகஸ்டிலும் தம் மாநிலங்களில் வேப் விற்பனையை நிறுத்தின. அந்தத் தடையைக் கடைவாசல்வரை கொண்டுசேர்த்தது ஊராட்சி மன்றங்களின் உரிம அதிகாரம். கூட்டரசு அனுமதித்த பொருளையே தடுக்க முடிந்த மன்றத்தால், கூட்டரசு தடைசெய்த பொருளைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை எழுத முடியாதா?

உரிமத்தை உடனடியாகப் பறிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. காரணம் கூறாமல் பறிக்கும் அதிகாரம் இருப்பதாலேயே அதை நிதானமாகப் பயன்படுத்த வேண்டும். அந்த உரிமம் போனால் அரிசி, பருப்பு விற்பனையும் சேர்ந்தே போகும். தாமானில் கடன் சொல்லி வாங்கும் முப்பது குடும்பங்களுக்கும் வேறு கடை தேட வேண்டிவரும். நம் நிகழ்வில் இரண்டாவது அதிகாரி உரிமத்தில் கைவைக்காமல், பொருளை மட்டும் உரிய துறைக்கு அனுப்பினார். அந்த வரிசையே சரியானது.

இந்த வட்டாரத்துக்கு உரிமமும் போதையும் சேர்ந்த பழைய நினைவு ஒன்று உண்டு. 1947இல் பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் திரண்ட தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பியது. பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலின்போது போலீசாரோடு ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அந்தக் கள்ளுக்கடை அரசின் அனுமதியோடு நடந்தது; குடித்துச் சீரழிந்த குடும்பங்களிடம் அந்த அனுமதியைப் பற்றி எவரும் கேட்கவில்லை. இன்று நிலைமை வேறு. மன்றத்தில் நம் உறுப்பினர்கள் அமர்கிறார்கள். எச்சரிக்கைத் தாளில் தமிழ் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு அவர்களுக்கு வாயுண்டு. கேட்க வேண்டும்.

என்ன கேட்பது? உரிமப் புதுப்பிப்புப் படிவத்தோடு மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒரே பக்கத் தாள்: இந்த உரிமம் இடத்துக்கும் தொழிலுக்கும் உரியது, மருந்தாக விற்கும் எதற்கும் மால் எண் வேண்டும், இலைப் படமோ ஹெம்ப், சி.பி.டி. (கஞ்சாவின் மற்றொரு வேதிப்பொருள்), டி.எச்.சி. என்ற எழுத்துகளோ உள்ள எதையும் அலமாரியில் வைக்காதீர்கள், வெளிநாட்டு விழுக்காடு இங்கே செல்லாது. சோதனைப் படிவத்தில் இதற்கென ஒரு கட்டம் இருந்தால், அடுத்த அதிகாரி மௌனமாகப் போக மாட்டார். புதிய சட்டமோ கூடுதல் பணமோ இதற்குத் தேவையில்லை. மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

ஏற்கெனவே பொருள் வைத்திருப்பவர்

இதைப் படிக்கும்போதே தம் கடையில் அப்படிப்பட்ட டப்பா ஒன்று இருப்பது நினைவுக்கு வருபவர் முதலில் விற்பனையை நிறுத்த வேண்டும். கொண்டுவந்த மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கொடுப்பதும் கொண்டுசெல்வதும் கடத்தல் விளக்கத்துக்குள் வருவதால், அது அவனையும் சேர்த்து இழுத்துவிடும். வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தந்துவிடுவதும் அப்படியே. அவசரப்பட்டு வாய்க்காலில் கொட்டினால், பின்னர் உண்மையாகவே தெரியாது என்று சொல்ல நேரும்போது அந்தச் செயலே எதிர்ச்சாட்சியாக நிற்கும். வழக்கறிஞர் ஒருவரிடம் பேசி, அவர் மூலம் பொருளை ஒப்படைப்பதே பாதுகாப்பான வழி. அழைப்பு வந்துவிட்டால், வாக்குமூலம் தரும் முன் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க வேண்டும்; கைது செய்யப்பட்டவருக்கு அந்த உரிமையை அரசமைப்பின் 5(3) பிரிவு உறுதிசெய்கிறது. கைது, தடுப்புக்காவல் கட்டத்தில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தர தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. பொருளை வாங்கிய ரசீது, இணைய ஆணைப் பதிவு, உரிமப் புதுப்பிப்புப் படிவங்கள் ஆகிய அனைத்தையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் அறியாமையை நிரூபிக்கும் சுமையை இறக்கிவைக்க அவரிடம் இருக்கப்போகும் சான்றுகள் அவை மட்டுமே.